பித்தளைக்கு முழந்தாளிடாத கயித்தாம்பிள்ளை

1958ஆம் ஆண்டு சித்திரை மாதத்துக் காலையொன்றில், முல்லைத்தீவுக் கடற்கரையில், ஒரு பாரை மீனை வாலில் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கியபடி கயித்தாம்பிள்ளை செய்த சபதம் பின்வருமாறு:

"கடல் வத்தினாலும், நந்திக்கடலுக்குள்ள மாடு மேஞ்சாலும், இந்தக் கயித்தாம்பிள்ளை பித்தளைக்கு முன்னால முழந்தாள் போடமாட்டான்!"

ஆழமில்லாத நந்திக்கடல் களப்பின் ஓரம் வற்றி அதில் மாடு மேய்வது ஒவ்வோர் ஆவணியிலும் நடப்பதுதான் என்பதால், சபதத்தின் அந்தப் பாதியைக் கடற்கரை பெரிதாக எடுக்கவில்லை. மற்றப் பாதியை எடுத்தது. சொன்னவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கரைவலையில் வந்த மீனை மணலில் குவித்து, ஒன்றை வாலில் பிடித்துத் தூக்கிக் காட்டி ஏலம் கூறுகிறவர். இருபத்திரண்டு வருடமாக அவர் "ஒருதரம், ரண்டுதரம், மூண்டுதரம்" என்றால் அது முடிந்த காரியம். மூன்றாந்தரம் கேட்டதும் மீன்கூடத் துடிப்பதை நிறுத்திவிடும் என்று ஊரில் ஒரு கதை உண்டு.

முழந்தாள் விஷயத்திலும் அவர் எப்போதும் சிக்கனம். கோவிலில் பூசை நேரத்தில்கூட, தோளில் கிடக்கும் லேஞ்சித் துண்டை எடுத்து உதறி, நிலத்தில் நாலாக மடித்து விரித்து, அதன்மேல் ஒரு முழந்தாளை மட்டும் வைப்பார். மற்றது நிமிர்ந்தே நிற்கும். ஆண்டவருக்கே ஒன்றுதான் என்றால் பித்தளைக்கு எத்தனை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பித்தளை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

கயித்தாம்பிள்ளைக்கும் மார்கிறட்டுக்கும் ஒரே மகன், ஸ்ரீபன். நல்ல பிள்ளை, எழுத்தோடு மட்டும் பகை. ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தின் யன்னல் வழியாக வெளியே போனவன், பிறகு கதவு வழியாகவும் உள்ளே வரவில்லை. 1954இல், பத்தொன்பது வயதில், திருகோணமலைக்குப் போய் ஒரு சரக்குக் கப்பலின் குசினியில் உருளைக்கிழங்கு சீவுகிற உத்தியோகத்தில் ஏறினான். ஏறமுன்னர் தாய் அவனுடைய தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினார்: போகிற துறைமுகத்திலெல்லாம் இருந்து ஒரு கடிதம் போடவேண்டும்.

மூன்று மாதம் கழித்து வந்தது கடிதம் இல்லை. ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைப் பதக்கம் ஒன்று. மேலே ஒரு துளை. துளையில் ஒரு நூல். ஒரு வரி எழுத்து இல்லை, விலாசம்கூட வேறு யாரோ எழுதினது. துறைமுகங்களில் பயணிகளுக்கு விற்கிற சாமான் அது. அந்த நாட்டின் பேர்போன கட்டிடத்தைப் பொறித்து வைத்திருப்பார்கள். பையன் சத்தியத்தையும் காப்பாற்றினான், பகையையும் காப்பாற்றினான்.

தபாற்கந்தோரில் தபாலதிபர் நடராசா மாஸ்ரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வடமராட்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஆங்கிலம் தெரிந்தவர்.

"இது பாரிஸ் கோபுரம், அண்ணை. முழுக்க இரும்பு."

"கூரை?"

"கூரை இல்லை."

"சுவர்?"

"சுவரும் இல்லை அண்ணை. சும்மா நிக்குது."

கயித்தாம்பிள்ளை நாக்கைச் சப்புக்கொட்டினார். "பாவங்கள். இவ்வளவு இரும்பையும் வேண்டிப்போட்டுக் கூரைக்கு வழியில்லாமல் விட்டிட்டாங்கள்."

வீட்டுக்கு வந்தவர், உடைந்த வள்ளமொன்றின் பலகையை எடுத்துச் சீவி, விறாந்தையை அடுத்த அறையில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் அறைந்தார். அதில் ஓர் ஆணி அடித்துப் பாரிஸைத் தொங்கவிட்டார். பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்தார்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டார் மார்கிறட்.

"அடுத்ததுக்கு."

அதுவே அந்தச் சேகரிப்பின் முதலும் கடைசியுமான சட்டம். பதக்கம் வருகிற அன்றே அடுத்த ஆணி ஏறிவிடும். வெறும் ஆணியில்லாமல் அந்தப் பலகை ஒருநாளும் இருந்ததில்லை.

மூன்று மாதத்துக்கு ஒன்று, ஐந்து மாதத்துக்கு ஒன்று என்று வந்தன. லண்டன் மணிக்கூட்டுக் கோபுரம் வந்தது. சிட்னிப் பாலம் வந்தது. எகிப்திலிருந்து மூன்று கூம்புகள் வந்தன, அடுத்த வீட்டுச் சூசையம்மா பார்த்துவிட்டு, "இஞ்ச எங்கட உப்புக் குவியல் மாதிரியெல்லோ கிடக்கு, மழைக்கு என்ன செய்வாங்கள்?" என்று கவலைப்பட்டார். கயித்தாம்பிள்ளை ஒவ்வொரு சனிக்கிழமையும் பழப்புளி போட்டு அவற்றைத் துலக்கினார். ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களைப் பிடித்து நிறுத்தி உலகத்தை விளக்கினார். யாழ்ப்பாணத்துக்கு இரண்டுதரம் போய் வந்ததுதான் அவருடைய ஆகக்கூடிய பயணம். ஆனால் பாரிஸைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அவரிடம் கேட்கலாம். "முன்பக்கம் கோபுரம். பின்பக்கம் முழுக்க வழுவழுப்பு" என்பார்.

மார்கிறட்டுக்கு எந்த ஊர் என்பது தேவையில்லை. பொட்டலத்தின் முத்திரையில் எத்தனையாம் திகதி போட்டிருக்கிறது என்று மட்டும் கேட்பார். அந்தத் திகதி வரைக்கும் மகன் உயிரோடு இருக்கிறான். அதற்குப் பிறகு அடுத்த ஆணிதான்.

இதெல்லாம் ஒரு வீட்டுச் சுவரோடு முடிந்திருக்கும். கெடுத்தது பங்குச் சுவாமியார்.

1958 பெரிய சனிக்கிழமை, அதாவது ஈஸ்ரருக்கு முதல் நாள், வீடு வீடாகத் தீர்த்தம் தெளிக்க வந்த சுவாமியாருக்குக் கண் கொஞ்சம் மங்கல். திருஇருதய ஆண்டவருக்குத் தெளித்தவர், பக்கத்தில் வட்டவட்டமாக ஏதோ பளபளப்பதைக் கண்டு, அதையும் பீடத்தின் ஒரு பகுதியென்றெண்ணி, கையை உயர்த்தி இலத்தீனில் நாலு வார்த்தை சொல்லிப் பலகை முழுவதும் தெளித்துவிட்டார். மந்திரித்த பதக்கத்தைக் கழுத்தில் போடாமல் கடலுக்குப் போகாத ஊர் இது. சூசையம்மா வாசலில் நின்று கண்ணால் கண்டார். அன்று பொழுதுபடமுன்னர் செய்தி கரை முழுவதும் போய்விட்டது: கயித்தான் வீட்டு மெடலெல்லாம் மந்திரிச்சாச்சு.

அடுத்த நாளே பக்தர்கள் வரத்தொடங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பதக்கத்தில் தலையைச் சுற்றிக் கதிர் வீச, கையில் விளக்குப் பிடித்தபடி ஒரு பெண் நின்றாள். இவள் புனிதை இல்லையென்றால் வேறு யார்தான் அர்ச்சியசிட்டவள்? புருசன்மார் கடலில் நின்ற பெண்களெல்லாம் வந்து அவளைத் தொட்டு நெற்றியில் வைத்தார்கள். கயித்தாம்பிள்ளை பொறுத்தார். பிறகு சூசையம்மா வந்தார்.

"தம்பி கயித்தான், அந்தச் சரிஞ்ச கோபுரத்து மாதாவை ஒருக்கால் தா. மருமேளுக்கு நோக் கண்டிட்டுது."

"அக்கா, அது மாதா இல்லை. இத்தாலியில பீசா எண்டு ஒரு ஊர். கோபுரம் கட்டின மேசனுக்குப் பிழைச்சுப் போச்சு, அது சரிஞ்சிட்டுது. அவ்வளவுதான்."

"சரிஞ்சது விழுந்ததோ?"

"விழேல்லை."

"எத்தனை வருசமாய்?"

"அது... எழுநூறு, எண்ணூறு இருக்குமாம்."

"அப்ப ஆரோ தாங்கிக்கொண்டு நிக்கினம் தானே! நீ ஏலங்கூறத்தான் சரி. தா இஞ்ச."

வாங்கினவர் அதை வலக்கண்ணில் ஒற்றினார். பிறகு இடக்கண்ணில் ஒற்றினார். முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினார். பதக்கம் போய்ச் சேர அரை மணித்தியாலத்துக்கு முதலே பிள்ளை பிறந்துவிட்டது என்பது மருத்துவிச்சியின் சாட்சியம். "வாறதைக் கேள்விப்பட்டே பிறந்திட்டுது" என்பது சூசையம்மாவின் தீர்ப்பு. ஊர் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது.

மறுநாள் காலை கயித்தாம்பிள்ளை முகங்கழுவிவிட்டு வந்து பார்க்கிறார், அவருடைய பலகைக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி மூன்று பெண்கள் முழந்தாளில் நிற்கிறார்கள். நடுவில் சூசையம்மா.

"எழும்புங்கோ! இது கட்டிடம்! கல்லும் இரும்பும்! கும்பிடுறதெண்டால் பக்கத்தில ஆண்டவர் நிக்கிறார்!"

"அவரையும் கும்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள்" என்றார் சூசையம்மா கண்ணைத் திறக்காமலே. "கத்தாதை தம்பி. உன்ர பிள்ளைக்குந்தான் கேக்கிறம்."

அவர் கோபத்தோடு கடற்கரைக்குப் போய், கையில் அகப்பட்ட பாரை மீனைத் தூக்கிப் பிடித்துச் செய்த சபதந்தான் மேலே சொன்னது.

1959 தைமாதத்தில் ஸ்ரீபன் பன்னிரண்டு நாள் லீவில் வந்தான். கன்னம் ஒட்டி, தோள் அகன்று, முன்னரிலும் அமைதியாக வந்தான். ஊர் அவனைப் பார்க்கத் திரண்டது. அந்தப் பன்னிரண்டு நாளும் அந்த வீட்டில் நடந்த விரிவுரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதே மரியாதை. மகனைக் கதிரையில் இருத்தி, ஒரு நீளத் தடியால் பதக்கம் பதக்கமாகத் தொட்டுக்காட்டி, உலகத்தைச் சுற்றி வந்த பிள்ளைக்கு உலகத்தை விளக்கியவர் தகப்பன். லண்டன் மணிக்கூட்டில் எப்போதும் பத்தேகால் என்று சொன்னார். மகன் "ஓமப்பா" என்றான். ஒரேயொரு தடவை மட்டும் வாய் தவறி,

"அப்பா, கப்பல் பாரிசுக்குப் போறேல்லை. மார்செய் எண்ட துறையில ஒரு கிழவன் இதுகளைத் தட்டில வைச்சு விக்கிறவன். எங்களை இறங்க விட்டது ரண்டு மணித்தியாலந்தான்" என்றான்.

"கிழவன் எவ்வளவு தூரம் நடப்பான்? அப்ப கோபுரம் பக்கத்திலதான் இருக்கும். நீ திரும்பிப் பாத்திருக்க மாட்டாய்."

"ஓமப்பா."

கப்பலில் அடுப்புப் புகையில் அவனுக்கு இருமல் பிடித்திருந்ததா, யாராவது அடித்தார்களா, கடலைப் பார்த்துப் பயந்தானா என்று தகப்பன் கேட்கவில்லை. நேரம் போதவில்லை. இன்னும் சிட்னி இருந்தது.

போகிற அன்று பின்னேரம், பஸ் வரும்வரைக்கும் தகப்பனும் மகனும் கடற்கரையில் நின்றார்கள். முல்லைத்தீவு வெளிச்சவீடு எதிரே நின்றது.

"எங்கட வெளிச்சவீட்டுக்கு ஒரு மெடல் இல்லை, என்னப்பா?"

கயித்தாம்பிள்ளை சிரித்தார். "இதுக்கு ஆரடா மெடல் அடிக்கிறது? மெடலெண்டால் ஆக்கள் தூரத்தில இருந்து வந்து பாக்கிற இடத்துக்குத்தான்."

"நான் வந்தனான் தானே."

தகப்பன் அதைச் சரியாகக் கேட்கவில்லை. பஸ்ஸின் சத்தம் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகும் பதக்கங்கள் வந்தன. 1960 கார்த்திகையில் லிஸ்பன் ஆற்றங்கரைக் கோபுரம் வந்தது. அது பத்தொன்பதாவது. கயித்தாம்பிள்ளை இருபதாவது ஆணியை அடித்தார்.

அந்த ஆணி காத்திருந்தது. மாரி போனது, கரைவலைக் காலம் வந்து போனது. புளி போட்டுத் துலக்குகிறபோது அவர் வெறும் ஆணியையும் துடைத்தார். கறள் பிடிக்கக்கூடாது என்றார். மார்கிறட் திகதி கேட்பதை விட்டுவிட்டார். சூசையம்மா மட்டும் வருகிறபோதெல்லாம் விளக்குப் பிடித்த அமெரிக்கப் பெண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துவிட்டுப் போனார். கயித்தாம்பிள்ளை அந்த நேரங்களில் கொல்லைப்பக்கம் ஏதாவது அலுவலாகப் போய்விடுவார். காணாததை அவர் எப்படித் தடுப்பது?

1962 மாசியில் தபாற்கந்தோருக்குக் கப்பற் கொம்பனியின் கடிதம் வந்தது. நடராசா மாஸ்ரர் அதை இரண்டுதரம் தனக்குள் படித்தார். பிறகு எழுந்து வந்து, மேசைக்கு இந்தப் பக்கம், கயித்தாம்பிள்ளைக்குப் பக்கத்து வாங்கில் இருந்துகொண்டார்.

"சொல்லுங்கோ மாஸ்ரர். எந்த ஊராம்?"

"ஊர் இல்லை அண்ணை. நடுக்கடல். போன மார்கழி. பெரிய காத்தாம். விடிய ஆளை எண்ணேக்க ஸ்ரீபனைக் காணேல்லையாம்."

"காணேல்லை எண்டுதானே போட்டிருக்கு?"

"ஓம்."

"செத்துப்போனான் எண்டு போடேல்லையே?"

மாஸ்ரர் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கக்கூடும் என்பதுபோல. பின்பக்கம் வெறுமை. "அப்பிடிப் போடேல்லை, அண்ணை."

"அப்ப சரி."

சுவாமியார் வீட்டுக்கு வந்து, ஆத்துமத்துக்காக ஒரு பூசை வைப்பது நல்லது என்றார். "காணேல்லை எண்டால் தேடவேணும் சுவாமி. பூசை வைக்கேலாது" என்று கயித்தாம்பிள்ளை மரியாதையாக மறுத்துவிட்டார். பலகையில் ஆணி இருக்கிறது என்பது அவருடைய வாதம். சட்டத்தில் அவர் சொன்னது சரிதான்.

ஆனால் பங்குனியில் கரைவலை தொடங்கிய முதல் நாள், கடற்கரை ஒரு புதினத்தைக் கண்டது. ஐம்பது பேர் சுற்றி நிற்க, சூடை மீனும் பாரையும் மணலில் பளபளக்க, கயித்தாம்பிள்ளை தொண்டையைச் செருமி, "ஒருதரம்" என்றார். "ரண்டுதரம்" என்றார்.

நின்றுவிட்டார்.

"சொல்லுங்கோவன் அண்ணை, வெயில் ஏறுது."

"ஒருதரம்... ரண்டுதரம்..."

இருபத்தாறு வருடமாக வாயில் இருந்த சொல் வரவில்லை. அதைச் சொன்னால் முடிந்துவிடும். எதுவும் முடிவதை அவர் விரும்பவில்லை. மூன்றாவது முறை தொடக்கத்திலிருந்து அவர் தொடங்கியபோது, வியாபாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, எல்லோருமாகச் சேர்ந்து, "மூண்டுதரம்!" என்று கத்தினார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. முதல் இரண்டும் அவர், மூன்றாவது ஊர். வெளியூர் வியாபாரிகள் இது முல்லைத்தீவின் பழைய சம்பிரதாயம் என்று நினைத்தார்கள். ஒருவரும் திருத்தவில்லை.

ஆவணியில், நந்திக்கடல் ஓரம் வற்றி மாடுகள் மேய்கிற நாளில், பார்சல் வந்தது. கொம்பனி மகனுடைய சாமான்களை அனுப்பியிருந்தது. இரண்டு சேட்டு. ஒரு சவரப்பெட்டி. தாய் கொடுத்துவிட்ட செபமாலை. ஒரு பழைய காலுறைக்குள் சுற்றி, கனமாக ஏதோ ஒன்று.

மார்கிறட் சேட்டுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

கயித்தாம்பிள்ளை காலுறையை உதறினார். பித்தளை வட்டம் ஒன்று விழுந்தது. கடையில் வாங்கினது இல்லை. கப்பலின் ஏதோ பழைய பகுதியில் வெட்டி எடுத்து, அரத்தால் அராவி, வட்டமாக்கப் பாடுபட்டு, வட்டமாகாமல் போன ஒன்று. அதில் ஆணி முனையால் கீறியிருந்தது. நடுவில் ஒரு வெளிச்சவீடு. பக்கத்தில் ஒரு பனை. அடியில் ஒரு மனிதன், கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒரு மீனை வாலில் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அவர் திருப்பினார். மற்ற ஊர்களின் பின்பக்கம் வழுவழுப்பு என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். இதன் பின்பக்கம் வழுவழுப்பாக இல்லை. எழுத்தோடு பகை கொண்டவன், விளிம்பில் இடம் போதாமல் கடைசியை வளைத்துக்கொண்டு, ஒரு சொல் எழுதியிருந்தான்: முல்லைத்தீவு.

ஏழு வருடத்தில் அவன் வீட்டுக்கு எழுதிய ஒரேயொரு சொல்.

இதற்கு ஆர் மெடல் அடிக்கிறது என்று கேட்டதற்கான பதில் அது. தகப்பன் பலகைக்குப் போனார். நேராக நின்றார். இருபதாவது ஆணியை விரலால் ஒருக்கால் துடைத்தார். பதக்கத்தை உயர்த்தி அதில் மாட்டப்போனார்.

துளை இல்லை.

மேல் விளிம்பில், துளை வரவேண்டிய இடத்தில், ஒரு சின்னப் புள்ளி மட்டும் குத்தியிருந்தது. அடுத்ததாக அதைத்தான் செய்ய இருந்திருக்கிறான். துளை இல்லாத ஒன்றை அவன் ஒருநாளும் அனுப்பியதில்லை. அவன் கையால் அனுப்பவும் இல்லை, கொம்பனிதான் அனுப்பியிருக்கிறது. கயித்தாம்பிள்ளை புள்ளியை ஆணியில் வைத்து அழுத்திப் பார்த்தார். திரும்பவும் அழுத்தினார். மூன்றாந்தரம் அழுத்தியபோது அது கைநழுவி, சீமெந்து நிலத்தில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பலகைக்கு நேர் கீழே படுத்துவிட்டது.

அந்த நேரம் கடற்கரையில் வலை வந்து, மீன் குவிந்து, கூற ஆள் இல்லாமல் கிடந்தது. தேடி வந்தவர்களுக்கு முன்னால் சூசையம்மா வந்தார். வாசற்படியில் கால் வைத்தவர் உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்னக்கா, அண்ணை இல்லையோ?" என்று பின்னால் வந்த வலைக்காரச் சம்மாட்டி ஒருவர் கேட்டார்.

"நிக்கிறார்."

"என்ன செய்யிறார்? மீன் காயுது."

சூசையம்மா கதவை மெல்லச் சாத்தினார். சாத்திவிட்டு அதற்கு முன்னால் நின்றுகொண்டார். "என்னவோ கீழ விழுந்திட்டுதாம். தேடுறார். நீங்கள் போய்க் கூறுங்கோ."

"நாங்களோ? மூண்டையுமோ?"

"ஓம். மூண்டையும்."

உள்ளே கயித்தாம்பிள்ளை தேடிக்கொண்டிருக்கவில்லை. தேடவேண்டியது கையிலேயே இருந்தது. அதை வலக்கண்ணில் ஒற்றினார். பிறகு இடக்கண்ணில் ஒற்றினார். இரண்டு முழந்தாளும் சீமெந்தில் இருந்தன. லேஞ்சி தோளிலேயே கிடந்தது.